தேயாமல் துலங்கட்டும் திருமுகம்

ஆடி பிறந்துவிட்டால் ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி வட்டாரத்து இல்லங்கள் பலவற்றில் ஒரு பெட்டி திறக்கப்படும். ஓராண்டுக் காலம் அலமாரியின் உள்ளறையில் இருந்த வரலட்சுமி அம்மனின் வெள்ளித் திருமுகம் வெளியே வரும். தமிழ் பேசுவோர், தெலுங்கு பேசுவோர், கன்னடம் பேசுவோர் என மூன்று மொழியினரும் கலந்து வாழும் இந்த எல்லைப் பகுதியில் இந்த நோன்புக்கு மொழி வேற்றுமை இல்லை. சிராவண மாதத்துப் பௌர்ணமிக்கு முன்வரும் வெள்ளிக்கிழமையில், கலசத்தின் மீது அத்திருமுகத்தைப் பொருத்தி, 'வருவாய் அம்மா' என்று அழைப்பது எல்லா இல்லங்களுக்கும் பொதுவானது.

பெட்டியைத் திறந்தவுடன் மனம் சற்றே வாடுவதும் பொதுவானதுதான். சென்ற ஆண்டு நிலவைப் போல் ஒளிர்ந்த திருமுகம், இப்போது புகை படிந்தாற்போல் கருத்திருக்கும். உடனே திருநீற்றையோ பல்பொடியையோ எடுத்து அழுத்தித் தேய்க்கத் தொடங்குகிறோம்.

எங்கள் இல்லத்துத் திருமுகம் என் பாட்டியார் காலத்தது. பாட்டியாரும், அவருக்குப் பின் என் தாயாரும் ஆண்டுதோறும் அதனைத் திருநீற்றால் தேய்த்துத் துலக்கினார்கள். ஒவ்வோர் ஆண்டும் அது கண்ணைப் பறிக்கும்படி மின்னியது. ஆனால் இன்று அதில் புருவக் கோடுகள் இல்லை. மூக்குத்தி இருந்த இடம் மழுமழுவென்று இருக்கிறது. இதழின் வளைவு மங்கிவிட்டது. எந்தக் கள்வனும் அவற்றைக் கொண்டுபோகவில்லை. பக்தியோடு தேய்த்த கைகளே கொண்டுபோயின.

கருமை வெள்ளிக்குக் கேடு என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் பெருங்கேடு விளைவிப்பது அதனைப் போக்க நாம் கையாளும் முரட்டு முறைதான். இதனை உணர்ந்துகொண்டால், நம் முன்னோர் வைத்துச் சென்ற வெள்ளியும் பொன்னும் நம் பேரர் காலத்திலும் உருக்குலையாமல் இருக்கும்.

கருமை எங்கிருந்து வருகிறது?

'வெள்ளி கருத்தால் வீட்டுக்கு ஆகாது', 'கொலுசு கருத்தால் அணிந்தவர் உடலில் நோய்' என்றெல்லாம் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்பர்கள் அஞ்ச வேண்டியதில்லை. காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்துள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியின் மேற்பரப்போடு கூடி, வெள்ளி சல்பைடு என்னும் மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. அப்படலம் முதலில் இளமஞ்சளாகத் தோன்றும்; பின்னர் பழுப்பாகும்; அதன்பின் நீலம் கலந்து, முடிவில் கருமையாகும். அபசகுனமும் இல்லை, கண்ணேறும் இல்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் இம்மாற்றம் விரைவாக நிகழும்.

கந்தகம் நம் இல்லத்திற்குள் பல வழிகளில் வருகிறது. தீக்குச்சியின் மருந்திலும் பட்டாசிலும் அது உண்டு. வெங்காயம், பூண்டு, முட்டை ஆகியவற்றிலும் உண்டு. கம்பளித் துணியிலும், நாம் பொட்டலத்தின் மேல் சுற்றும் ரப்பர் வளையத்திலும் உண்டு. வெள்ளிக் கிண்ணங்களை ரப்பர் வளையத்தால் கட்டி வைத்தவர்கள், வளையம் பட்ட இடத்தில் மட்டும் கருங்கோடு விழுந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். அபிஷேகப் பாலும் தயிரும் இடுக்குகளில் தங்கிவிட்டால் அவ்விடமும் மங்கும். வியர்வை பட்டாலும் அவ்வாறே.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அக்கரும்படலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அன்று. அதற்குள் இருப்பது நம் திருமுகத்தின் வெள்ளியே. அதனைச் சுரண்டி எடுக்கும்போது வெள்ளியையும் சேர்த்தே எடுக்கிறோம். ஓர் ஆண்டில் போவது கண்ணுக்குத் தெரியாது. ஐம்பது ஆண்டுகளில் மூக்குத்தியே மறைந்துவிடும்.

ஓசூர்க் குளிரும் கிருஷ்ணகிரிப் புழுதியும்

ஓசூர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டு நிலம். விடியற்காலைப் பனியும் மழைக்காலத்துக் குளிர்ச்சியும் இதன் இயல்பு. வெளிச்சுவரை ஒட்டிய இரும்பு அலமாரியில் இரவுக் குளிரில் ஈரம் கோப்பதை இவ்வூர் மக்கள் அறிவர். பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையே ஓடும் நெடுஞ்சாலையின் வாகனப் புகையும் தொழிற்பேட்டைகளின் போக்குவரத்தும் நகரக் காற்றில் கலந்துள்ளன. ஆதலால், கிராமத்து இல்லத்தில் மெல்லக் கருத்த வெள்ளி, நகரத்துக் குடியிருப்புக்கு வந்தபின் விரைவில் கருக்கிறதென்றால் அதில் வியப்பில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல்லுக்குப் பெயர்பெற்றது. கற்குழிகளும் கல் அறுக்கும் பட்டறைகளும் உள்ள பகுதிகளில் நுண்ணிய கற்புழுதி வீட்டுக்குள்ளும் வந்து படியும். அக்கல்லில் உள்ள குவார்ட்சு என்னும் கனிமத்தின் கடினம், தாதுக்களை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. வெள்ளியின் கடினமோ 3-ஐத் தாண்டாது. புழுதி படிந்த வெள்ளியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால், உப்புத்தாள் கொண்டு உரசியதற்கு ஒப்பாகிவிடும். எனவே முதலில் நீரூற்றிப் புழுதியைக் கழுவ வேண்டும்; துடைப்பது அதன் பின்னரே.

திருநீறு புனிதமானது, நெற்றிக்கு உரியது. ஆனால் சாணச் சாம்பலிலும் மணல் போன்ற நுண்துகள்கள் உண்டு. பற்பசை, பல்பொடி, பாத்திரம் துலக்கும் பொடி ஆகியவற்றிலும் உராயும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. எவர்சில்வர்ப் பாத்திரம் அவற்றைத் தாங்கும். அம்மனின் மெல்லிய வெள்ளித் தகடு தாங்காது.

வெள்ளியைத் துலக்கும் முறை

முதற்கண், பொருள் உண்மையிலேயே வெள்ளிதானா என்று அறிய வேண்டும். பரிசுப் பொருளாக வரும் குங்குமச் சிமிழ்களும் தட்டுகளும் பல 'ஜெர்மன் சில்வர்' வகையைச் சேர்ந்தவை. அதில் செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவை உண்டு. வெள்ளி ஒரு துளியும் இல்லை. வெள்ளி முலாம் பூசியவையும் உண்டு. அவற்றைத் தேய்த்தால் முலாம் போய் உள்ளே இருக்கும் உலோகம் தெரியும்.

நல்ல வெள்ளிக்கு நம் முன்னோர் அறிந்த பூந்திக்கொட்டையே போதும். நான்கைந்து கொட்டைகளின் தோலை இரவில் நீரில் ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டினால் நுரைக்கும் நீர் கிடைக்கும். பொற்கொல்லர்கள் நெடுங்காலமாகக் கையாளும் பொருள் இது. வெள்ளியை முதலில் நீரில் அலசி, பின்னர் இந்நீரில் சற்று நேரம் வைத்து, குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கியால் இடுக்குகளை வருடிவிட வேண்டும். எண்ணெய், சந்தனம், குங்குமம் யாவும் நீங்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால், இறுதி அலசலைக் குடிநீரால் செய்வது நன்று. இல்லையேல் உலர்ந்தபின் வெண்புள்ளிகள் தங்கும்.

பெரும்பாலான ஆண்டுகளில் இதுவே போதுமானது. கருமை மிகுதியாக இருந்தால் வேறொரு வழி உண்டு. கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தின் அடியில், உணவு பொதியும் அலுமினியத் தாளை விரிக்க வேண்டும். அதன் மேல் வெள்ளிப் பொருளை, தாளைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைக்க வேண்டும். ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பச்சோடாவைக் கரைத்துப் பொருள் மூழ்கும்படி ஊற்ற வேண்டும். வெந்நீரைக் கையாளும் வேலையை இல்லத்து இளையவர்களிடம் ஒப்படைப்பது நலம். சில நிமிடங்களில் கருமை விலகத் தொடங்கும். இலேசான அழுகல் வாடையும் வரும். வெள்ளியைப் பற்றியிருந்த கந்தகம் அதனை விட்டு அலுமினியத்தை நாடுவதன் அடையாளம் அது. இம்முறையில் கருமையினுள் சிறைப்பட்டிருந்த வெள்ளி, சுரண்டப்படாமல் அப்பொருளிலேயே தங்குகிறது. பின்னர் நன்றாக அலசி, ஈரம் சிறிதும் இன்றித் துடைத்துவிட வேண்டும்.

ஆயினும் இம்முறை கல் பதிக்காத, முலாம் பூசாத, உட்புறம் எதுவும் நிரப்பாத வெள்ளிக்கு மட்டுமே உரியது. கண்களிலோ நெற்றிச் சுட்டியிலோ கல் பதித்த திருமுகத்தை இவ்வாறு வெந்நீரில் இடவே கூடாது. வேலைப்பாடு எடுப்பாகத் தெரிவதற்காகப் பள்ளங்களில் வேண்டுமென்றே கருமை ஏற்றிய பழைய பொருள்களுக்கும் இது ஆகாது.

பொன்னும் மணியும்

பசும்பொன் கருக்காது. நாம் அணியும் 22 காரட் நகையில் நூற்றுக்கு 91.6 பங்கு பொன். எஞ்சியது செம்பும் வெள்ளியும். நகை மங்கித் தோன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் மேல் படியும் சோப்பு, எண்ணெய், மஞ்சள், வியர்வை ஆகியவையே. வெதுவெதுப்பான நீரும் பூந்திக்கொட்டையும் மென்தூரிகையும் இருந்தால் அவை நீங்கிவிடும். கழுவும் தொட்டியின் மேல் நின்று கழுவாமல், ஒரு கிண்ணத்தில் வைத்துக் கழுவுங்கள். திருகாணியோ சிறு கல்லோ கழன்றாலும் கிண்ணத்திலேயே கிடக்கும்.

சிவப்புக் கெம்பு பதித்த பழைய அட்டிகை, நெற்றிச்சுட்டி, ராக்கொடி போன்றவை தனிக் கவனம் வேண்டுபவை. அவற்றில் கல்லுக்கு அடியில் மெல்லிய தகடும், நகையின் உட்கூட்டில் அரக்கும் இருப்பதுண்டு. நீர் உள்ளே புகுந்தால் தகடு மங்கிக் கல்லின் ஒளி போய்விடும். சூடு பட்டால் அரக்கு இளகிக் கல் ஆட்டம் காணும்.

அரக்கு வைத்து நகை செய்வது நம் நாட்டில் மிகப் பழமையான வழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராஜராஜ சோழன் வழங்கிய அணிகலன்களின் விவரங்கள் அக்கோயிலின் கல்வெட்டுகளில் உள்ளன. பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி என்று எடை குறித்த அக்கல்வெட்டுகள், நகையில் சேர்ந்த அரக்கையும் மறவாமல் குறிப்பிடுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, இறைவனின் நகையில் எது எவ்வளவு என்பதற்குக் கணக்கு வைத்திருந்தார்கள். நம் இல்லத்து நகையில் எது உண்டு என்பதை நாமும் அறிந்திருக்க வேண்டாமா?

முத்தும் பவளமும் கடல் தந்தவை. இரண்டிலும் இருப்பது சுண்ணாம்புச் சேர்மம். புளியோ எலுமிச்சையோ வினிகரோ பட்டால் அவை அரிக்கப்படும். ஈரமான மென்துணியால் ஒற்றியெடுத்து, நிழலில் உலர்த்துவதே அவற்றுக்குப் போதும்.

பித்தளை விளக்கும் செம்புக் கலசமும்

புளி எங்கே பயன்படும் என்று கேட்கலாம். செம்பும் பித்தளையுமே அதற்கு உரியவை. அவற்றின் மேல் படரும் பழுப்பையும் பச்சைக் களிம்பையும் புளியின் அமிலம் கரைத்துவிடும். ஆனால் புளி போட்ட பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டால், தங்கிய அமிலமே மறுபடியும் களிம்பு ஏற வழி செய்யும். பலமுறை அலசி, உடனே துடைத்து, வெயிலில் ஒரு நாழிகை வைத்து எடுங்கள். விளக்கில் பிசுபிசுப்பாக ஒட்டிய எண்ணெயை முதலில் வெந்நீரும் சோப்பும் கொண்டு நீக்கிவிட்டால், புளியும் குறைவாகவே வேண்டும், கைக்கும் நோவில்லை.

வாயிலில் வந்து நிற்பவர்

ஓசூரில் 1970-களில் தொழிற்பேட்டை வளரத் தொடங்கியபின் ஊரின் முகமே மாறிவிட்டது. 1984-இல் டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் இணைந்து தொடங்கிய டைட்டன் நிறுவனம் இங்கே கைக்கடிகாரங்களைச் செய்தது. 1990-களில் 'தனிஷ்க்' நகைகளும் இவ்வூரில் உருவாகத் தொடங்கின. நாடெங்கும் செல்லும் நகைகள் பிறக்கும் ஊர் இது.

இவ்வூரின் புதிய குடியிருப்புகளில் பகற்பொழுதில் பெரும்பாலும் முதியவர்களே தனித்திருக்கிறார்கள். மகனும் மருமகளும் ஷிப்டுக்குச் சென்றிருப்பார்கள். பேரக்குழந்தைகள் பள்ளியில் இருப்பார்கள். அந்நேரத்தில் வாயிலில் இருவர் வந்து நிற்கிறார்கள். "அம்மா, விளக்கு துலக்கும் பொடி கொண்டுவந்திருக்கிறோம், காசு வேண்டாம், பார்த்தாலே போதும்" என்று கனிவாகப் பேசுகிறார்கள். பித்தளை விளக்கைப் பளபளக்கச் செய்கிறார்கள். அடுத்து வெள்ளிக் குங்குமச் சிமிழ். நம்பிக்கை பிறந்தவுடன், "கழுத்துச் சங்கிலியும் மங்கியிருக்கிறதே, அம்மா" என்கிறார்கள்.

சங்கிலி ஒரு திரவத்தில் முக்கப்படுகிறது. நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த இராஜதிராவகம், வேறு எதற்கும் எளிதில் அசையாத பொன்னையும் கரைக்க வல்லது. சங்கிலி மின்னியபடி திரும்பி வரும். எடை மட்டும் குறைந்திருக்கும். சில இடங்களில், மஞ்சள்பொடி நிரம்பிய டப்பாவில் இட்டு, "கால் மணி நேரம் கழித்துத் திறவுங்கள்" என்று சொல்லிச் செல்வார்கள். திறந்தால் சங்கிலியே இராது. பல ஊர்களில் காவல்துறையினர் இது குறித்து மீண்டும் மீண்டும் எச்சரித்திருக்கிறார்கள்.

ஏமாந்தவர்கள் வெட்கத்தால் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் மனத்துக்குள் புழுங்குகிறார்கள். அன்புகூர்ந்து அவ்வாறு செய்யாதீர்கள். ஏமாற்றியவர்கள்தாம் வெட்கப்பட வேண்டியவர்கள். உடனே இல்லத்தாரிடம் கூறிக் காவல் நிலையத்திற்குத் தெரிவியுங்கள். வரும் முன் காக்க ஒரே விதி போதும்: வாயிலுக்கு வருபவர் எவராயினும், பொன்னையும் வெள்ளியையும் அவர் கையில் கொடுப்பதில்லை.

அறிந்த கடையில் மெருகேற்றக் கொடுப்பதானாலும், கொடுக்கும்போதும் வாங்கும்போதும் நம் கண்ணெதிரே எடையிடச் சொல்லி, எழுதி வாங்குங்கள். இயந்திரத்தில் இட்டு மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் சிறிது பொன் தேய்கிறது. ஆதலால் அடிக்கடி வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் நகைகள் ஆறு இலக்க அடையாளக் குறியுடனேயே விற்கப்படுகின்றன. உங்கள் நகையில் அக்குறி இருந்தால் குறித்து வையுங்கள். மெருகேற்றியபின் அது அழியாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

திருக்கோயிலுக்கு அளித்தவை

நம்மில் பலர் குடும்பமாகச் சேர்ந்து கோயிலுக்கு வெள்ளிக் கவசமோ கிரீடமோ சமர்ப்பித்திருப்போம். அது கருத்திருக்கக் கண்டால், 'சரியாகப் பேணவில்லையே' என்று மனம் வருந்தும். கடையில் பளபளக்கும் திரவம் வாங்கி, "சாமி, இதைப் போட்டுத் துலக்குங்கள்" என்று அர்ச்சகரிடம் கொடுப்போரும் உண்டு. அதனைத் தவிர்ப்போம். சமர்ப்பித்தபின் அது கோயிலின் சொத்து. பதிவேட்டில் எடையோடு பதிந்தது. பொறுப்பாளர்களின் அனுமதியோடு, எடையிட்டு, தேர்ந்தவர் கையால் செய்ய வேண்டிய பணி அது.

பழைய உற்சவ மூர்த்திகள் சிலவற்றின் கண்ணும் மூக்கும் மழுங்கியிருப்பதை நாம் தரிசித்திருக்கிறோம். தலைமுறை தலைமுறையாக நடந்த அபிஷேகமும் தேய்ப்பும் விட்டுச்சென்ற சுவடு அது. திருமேனியை எவ்வளவு மெல்லத் தொடுகிறோமோ, அவ்வளவு காலம் அது நம் சந்ததிக்கும் காட்சி தரும்.

எடுத்து வைக்கும் நாள்

நோன்பு நிறைவுற்று, புனர்பூஜையும் முடிந்தபின் செய்யும் வேலையே அடுத்த ஆண்டைத் தீர்மானிக்கிறது. அம்மனுக்குச் சாற்றிய ரோஜா மாலை ஈரத்தோடு திருமுகத்தில் ஒட்டியிருக்க விடாதீர்கள். குங்குமம், சந்தனம், நெய், பால் யாவற்றையும் பூந்திக்கொட்டை நீரால் நீக்கி, முழுமையாக உலர்த்துங்கள். பலமுறை துவைத்து மென்மையான பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றுங்கள். செய்தித்தாளும் கம்பளியும் ரப்பர் வளையமும் வேண்டாம். அதன்மேல் காற்றுப் புகாத பாலிதீன் உறை ஒன்று. உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. பொன்னையும் வெள்ளியையும் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியே வையுங்கள். ஒரு சிறு தாளில் அப்பொருளின் எடை, யார் செய்வித்தது, உள்ளே அரக்கு உண்டா என்பவற்றை எழுதிப் பெட்டியில் இடுங்கள். உங்களுக்குத் தெரிந்தது மருமகளுக்கும் பேத்திக்கும் தெரிய அதுவே வழி.

ஓசூர் மலைமேல் மரகதாம்பாளுடன் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்குச் சந்திரசூடேசுவரர் என்பது திருநாமம். பிறைமதியைச் சூடியவர் என்பது பொருள். மதியில் களங்கம் உண்டு என்பது உலகறிந்தது. அக்களங்கத்தோடுதான் பெருமான் அதனைத் தம் திருமுடியில் ஏற்றார். நம் இல்லத்து வெள்ளியிலும் பள்ளங்களில் சிறிது கருமை தங்கினால் தங்கட்டும். அதனால் அம்மன் வாராமல் இருந்துவிட மாட்டாள்.

எங்கள் இல்லத்துத் திருமுகத்திற்கு இழந்த புருவம் இனித் திரும்பாது. மையால் மெல்லிய கோடு இட்டு அவளை அலங்கரிக்கிறோம். சில ஆண்டுகளாகத் திருநீறு அவள் நெற்றிக்கு மட்டுமே செல்கிறது. எஞ்சியிருக்கும் இதழின் புன்னகை என் பேத்தி காலத்திலும் இருக்கும்.